ஐப்பசி மழையும் வெண்கலக் கோரிக் குஞ்சுகளும்

இதை எழுதும்போது எங்கள் வீட்டு மாடி அறைத் தொட்டியில் 61 கோரி மீன் குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. வயது ஒன்பது வாரம். பெரியவை இரண்டு சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டன. இதற்கு முன் இரண்டு முறை முட்டை கிடைத்தும் ஒரு குஞ்சைக்கூட என்னால் ஆளாக்க முடியவில்லை. கோரி வளர்ப்பவர்கள் கூடினால் எப்படி முட்டையிட வைப்பது என்றுதான் பேச்சு போகும். முட்டை பொரிந்த பிறகு வரும் நாட்களை ஓரிரு வரியில் முடித்துவிடுவார்கள். என் குஞ்சுகள் செத்தது அந்த நாட்களில்தான். ஆகவே இந்தப் பதிவில் அவற்றுக்கே அதிக இடம் தருகிறேன்.

நான் வளர்ப்பது வெண்கலக் கோரி. கோரிடோராஸ் ஏனியஸ் என்று நெடுங்காலமாக அழைக்கப்பட்டுவந்த தென் அமெரிக்கச் சிறு கெளுத்தி. 1858-இல் தியோடர் கில் என்ற அமெரிக்க ஆய்வாளர் டிரினிடாட் தீவின் மீன்களைக் கொண்டு இதை முதலில் விவரித்தார். 2024-இல் வந்த வகைப்பாட்டுத் திருத்தத்தில் ஆஸ்டியோகாஸ்டர் என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் கேட்க வேண்டிய பெயர் இன்றும் 'கோரி'தான். நம் ஊர்க் கெளுத்தியின் வழவழப்பான உடம்பு இதற்கு இல்லை. இரு பக்கமும் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள், நாட்டு ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் அந்தத் தகடுகளில் பச்சையும் செம்பும் கலந்த பளபளப்பு ஓடும். பூஜையறைக் குத்துவிளக்கை நேற்றுத்தான் புளிபோட்டுத் தேய்த்தார்கள் என்பதுபோல.

அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே வரும். குடலின் பின்பகுதி வழியாக அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறன் இந்தக் குடும்பத்து மீன்களுக்கு உண்டு. எப்போதாவது ஒன்று போய் வந்தால் கவலையில்லை. ஐந்து நிமிடத்துக்குள் எல்லா மீனும் மாறி மாறிப் போகத் தொடங்கினால் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

என்னிடம் இருப்பவை ஆறு: இரண்டு பெண், நான்கு ஆண். மூன்று ஆண்டுகளுக்கு முன் கொளத்தூரில் குஞ்சுகளாக வாங்கினேன். ஆண், பெண் பார்க்க மேலிருந்து பார்க்க வேண்டும். பெண்ணின் உடம்பு மார்புத் துடுப்புக்குப் பின்னால் அகன்று பருத்திருக்கும். ஆண் நேராக, மெலிந்து இருக்கும். பக்கவாட்டில் பார்த்து முடிவு செய்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒன்றரை வயது வரை எனக்கும் பிடிபடவில்லை.

தரைக்கு ஆற்று மணல். கட்டுமானத்துக்கு வாங்கியதில் மிஞ்சியிருந்த ஒரு வாளியை மாவுச் சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளியும் வரை பதினைந்து இருபது முறை அலசி, இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினேன். கடைகளில் விற்கும் வண்ணக் கற்களைக் கோரித் தொட்டியில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த மீன் மூக்குவரை மணலில் புதைத்து, ஒரு வாய் அள்ளி, இரையை வடித்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியாக வெளியே விடும். அதற்கு அந்தச் சுகத்தைக் கொடுக்காமல் கூரான கற்களின் மேல் வைத்திருப்பது பாவம். கற்களின் இடுக்கில் சேரும் அழுக்கில் மீசைகளும் கரைந்துபோகும்.

முதல் முறை முட்டையிட்டது இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில். எந்த ஏற்பாடும் நான் செய்யவில்லை. காலையில் கண்ணாடியில் முட்டைகளைப் பார்த்தேன், பூரித்துப்போனேன், மாலையில் பிரித்துக்கொள்ளலாம் என்று வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஒன்பதுதான் மிச்சம். மற்றவற்றைப் பெற்றவையே தின்றுவிட்டன. ஒன்பதையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் காற்று விடாமல் வைத்தேன். மூன்றாம் நாள் எல்லாவற்றிலும் பஞ்சுபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. முட்டைக்கு ஓடும் தண்ணீர் வேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது முறை அடுத்த ஆண்டு ஐப்பசியில். இப்போது எழுபது முட்டைகளைப் பிரித்தெடுத்தேன், காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டேன், பூஞ்சையைத் தடுக்க மெத்திலீன் நீலம் விட்டேன். 52 குஞ்சுகள் பொரிந்தன. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிசைந்து பால்போல் கரைத்துக் கொடுத்தேன். கூடவே மீன் தீவனத்தையும் பொடித்துத் தூவினேன். ஐந்தாம் நாள் பத்து செத்தன. ஆறாம் நாள் முப்பது. ஏழாம் நாள் காலையில் ஒன்றும் இல்லை. தண்ணீர் என்னவோ கண்ணுக்குப் பளிங்குபோலத்தான் இருந்தது. அதனால்தான் அந்தத் தோல்வி என்னை வெகுநாள் உறுத்தியது. பிறகு அந்த டப்பாவைக் கழுவும்போது அடியில் விரலை வைத்தேன். கஞ்சி ஆறியபின் மேலே படியுமே ஓர் ஆடை, அதுபோல் மெல்லிய வழவழப்பு அடி முழுவதும் பரவியிருந்தது.

அந்த விரல்நுனித் தகவலில்தான் மூன்றாவது முயற்சி முழுவதும் நிற்கிறது. கோரிக் குஞ்சு நீந்தித் திரிகிற குஞ்சு அல்ல. கப்பி, மோலி குஞ்சுகள் மேற்பரப்பில் அலையும். இது வயிற்றைத் தரையில் ஒட்டவைத்துக்கொண்டு கிடக்கும். சுவாசிப்பது, தின்பது, உறங்குவது எல்லாம் கடைசி அரை சென்டிமீட்டரில். நாம் போடும் தீனியில் தின்றது போக மிச்சம் போய்ச் சேர்வதும் அதே இடத்தில். அங்கே அழுகல் தொடங்கினால் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை முதலில் உறிஞ்சுவது குஞ்சின் செவுளுக்குப் பக்கத்தில்தான். நடுத்தண்ணீரை மொண்டு சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

இந்த ஆண்டு புரட்டாசி பிறந்ததுமே ஏற்பாட்டைத் தொடங்கினேன். கடைக்கார அண்ணனிடம் போய் ஏதாவது மருந்து வாங்க வேண்டுமா என்று கேட்டேன். பல ஆண்டுகளாகக் கொளத்தூரில் மீன் உற்பத்தி செய்தவர் அவர். "மருந்தெல்லாம் எதற்குத் தம்பி? மூன்று வாரம் நன்றாகத் தின்ன வையுங்கள். வானம் இருட்டிக்கொண்டு வரும் நாளில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்" என்றார். அப்படியே செய்தேன். காலையில் மூழ்கும் தீவன வில்லை, மாலையில் டியூபிஃபெக்ஸ் புழு. புழுவை ஒரு நாள் முழுவதும் சொட்டும் குழாயின் கீழ் வைத்துக் கழுவிய பிறகுதான் கொடுத்தேன். மூன்றாம் வாரத்தில் பெரிய பெண்ணின் வயிறு இருபுறமும் பிதுங்கி, மேலிருந்து பார்த்தால் புளியங்கொட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது.

மழை ஏன் முக்கியம் என்றால், அவற்றின் தாயகத்திலும் மழைக்காலம்தான் இனப்பெருக்கக் காலம். புது வெள்ளம் வரும்போது தண்ணீர் குளிரும், அதில் கரைந்திருக்கும் உப்புகள் குறையும், இரை பெருகும். இந்த மூன்றையும் சென்னையின் வடகிழக்குப் பருவமழை நமக்கு இலவசமாகக் கொடுக்கிறது. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 850. மாடியில் பிடித்த மழை நீரில் 20. முதல் மழையின் நீரைப் பிடிக்கக் கூடாது. மாடியின் தூசியும் காக்கை எச்சமும் அதில்தான் வரும். இரண்டு நல்ல மழை பெய்து தளம் கழுவப்பட்ட பிறகு, குழாய் வழியாக வருவதை விட்டுவிட்டுத் திறந்த வெளியில் நேரடியாக டிரம்மை வைத்துப் பிடித்தேன்.

அக்டோபர் கடைசியில் பத்து நாட்கள் தண்ணீரே மாற்றவில்லை. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்ற செய்தி வந்த நவம்பர் 1 மாலை, 40 சதவீதத் தண்ணீரை எடுத்துவிட்டு மழை நீரை ஊற்றினேன். தொட்டி 28 டிகிரி, மழை நீர் 24. ஊற்றிய பிறகு 26-ஐச் சற்றுத் தாண்டி நின்றது. மறுநாள் மாலையும் அதே அளவு. டி.டி.எஸ். 320-க்கு இறங்கியிருந்தது. அன்றிரவு ஆண்கள் நான்கும் கண்ணாடி ஓரமாகப் பெண்ணைத் துரத்திக்கொண்டு மேலும் கீழும் ஓடின. வெளியே மழை விடாமல் பெய்தது.

நவம்பர் 3, காலை ஐந்தே கால். விளக்கைப் போடாமல் கைப்பேசி வெளிச்சத்தைச் சுவரில் படும்படி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். பெரிய பெண் ஓர் ஆணின் பக்கத்தில் போய் அதன் வயிற்றருகே வாயைப் பதித்தது. ஆண் தன் மார்புத் துடுப்பால் அவளது மீசைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து ஆங்கில 'T' எழுத்தைப்போல் அசையாமல் சில நொடிகள் கிடந்தன. ஆணின் உடல் மட்டும் நடுங்கியது. பிறகு பிரிந்தன. பெண் மணலில் அப்படியே இருந்தது. அதன் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஏந்திய உள்ளங்கைகள்போல் குவிந்திருந்தன. அதற்குள் மூன்று முட்டைகள். அரை நிமிடம் கழித்து எழும்பி, கண்ணாடியில் ஓரிடத்தை வாயால் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்தது. திருப்தி வந்ததும் வயிற்றைக் கண்ணாடியில் அழுத்தியது. விலகியபோது மூன்று முட்டைகளும் ஒட்டியிருந்தன.

அந்த 'T' நிலையில் என்ன நடக்கிறது என்பது இந்த மீனின் பெரிய வியப்பு. ஆணின் விந்து நீரைப் பெண் வாயால் குடிக்கிறது. அது குடல் வழியாக விரைந்து கடந்து, துடுப்புக் கூடையில் காத்திருக்கும் முட்டைகளின் மேல் வெளிவந்து கருவுறச் செய்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த மீனை வைத்தே இதைக் காட்டினார்கள். காற்றை விழுங்கிக் குடலால் மூச்சுவிடும் மீனுக்கு, வாயில் புகுந்தது சீக்கிரமே மறுபக்கம் போய்ச் சேரும் குடல் இருப்பதும் இதற்குத் துணையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்து மணி வரை இப்படியே நடந்தது. அன்று விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

முட்டைகளைக் கண்ணாடியிலிருந்து எடுப்பதற்குப் பிளேடு, அட்டை என்று பலவற்றைச் சொல்வார்கள். விரலே போதும். இட்டு ஒரு மணி நேரம் ஆனபின் தோல் இறுகிவிடும். ஜவ்வரிசியில் பாதி இருக்கும் ஒவ்வொன்றும். சுட்டுவிரலின் சதைப்பகுதியால் பக்கவாட்டில் மெல்ல உருட்டினால் கண்ணாடியை விட்டு விரலில் ஒட்டிக்கொள்ளும். நகம் படக் கூடாது. விரலிலிருந்து டப்பாவின் சுவருக்கு மாற்ற, அதே உருட்டல். கொத்தாக ஒட்டியவற்றை அப்போதே ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று தொடாமல் வைக்க வேண்டும். செத்த முட்டையில் கிளம்பும் பூஞ்சை பக்கத்து நல்ல முட்டையையும் பிடிக்கும். இரண்டு மணி நேரம் பிடித்த வேலை. எண்ணிக்கை 134.

ஐந்து லிட்டர் டப்பா, தாய்த்தொட்டியின் தண்ணீர், முட்டைகளை ஆட்டாமல் அருகே ஓட்டம் மட்டும் கொடுக்கும்படி ஒரு ஏர் ஸ்டோன், எங்கள் தெரு வாதாம் மரத்தின் காய்ந்த இலை ஒன்று, தண்ணீர் வெளிர்வான நிறமாகும் அளவுக்கு மெத்திலீன் நீலம். மறுநாளே கருவுறாதவை பால்வெள்ளையாகிவிட்டன. 21-ஐச் சாமணத்தால் எடுத்துப்போட்டேன். நல்லவை தேன் நிறத்திலிருந்து நாளுக்கு நாள் கறுத்தன. மூன்றாம் நாள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் உள்ளே வளைந்து கிடந்த வால் துடிப்பது தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தவர், "இதற்குள் இவ்வளவா!" என்றார்.

நவம்பர் 7 காலை பொரியத் தொடங்கி மாலைக்குள் 104 வெளிவந்துவிட்டன. நீலம் கலந்த நீரை முந்தின நாளே பாதி மாற்றியிருந்தேன். பொரிந்தவுடன் தெரிவது ஒரு மஞ்சள்கருப் பையும் அதில் செருகிய வாலும்தான். இரண்டு நாட்களுக்கு அந்தப் பையே உணவு. இந்த நாட்களில் தீனி போடுவது தண்ணீரைக் கெடுப்பதற்குத்தான் உதவும்.

இங்கேதான் வெள்ளைத் தொட்டி வருகிறது. பாத்திரக் கடையில் வாங்கிய, அகலமான, தட்டையடி கொண்ட வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி. தண்ணீர் உயரம் பத்து சென்டிமீட்டர், கொள்ளளவு பன்னிரண்டு லிட்டர். மணல் இல்லை, செடி இல்லை. வெள்ளை நிறத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே: அடியில் ஒரு தூசு விழுந்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தாய்த்தொட்டியில் இரண்டு மாதமாக ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை அலசாமல் அப்படியே எடுத்து ஒரு மூலையில் போட்டேன். அதில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் வேண்டும், அதன் மேல் படிந்திருக்கும் நுண்ணுயிர்களும் வேண்டும். ஓய்ந்த நேரங்களில் குஞ்சுகள் அந்த ஸ்பாஞ்சின் அடியில்தான் மொய்த்துக் கிடந்தன. தாய்த்தொட்டியிலிருந்து ஐந்தாறு சிறு நத்தைகளையும் விட்டேன். என் பார்வைக்குத் தப்பிய மிச்சத்தை அவை தின்றன.

தீனி இரண்டே வகை. ஒன்று மைக்ரோ புழு. வேகவைத்து ஆறவைத்த ஓட்ஸில் ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, பழைய வளர்ப்பிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் போட்டால் நாலைந்து நாளில் டப்பாவின் சுவரில் ஏறி மினுமினுக்கும். விரலால் வழித்துத் தண்ணீரில் அலசினால் போதும். அடியில் மூழ்கிப் பல மணி நேரம் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும் என்பதால் தரையில் கிடக்கும் குஞ்சுக்குத் தோதானது.

மற்றது ஆர்ட்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படும் உப்புநீர் இறால் வகைதான். நாம் டப்பாவில் வாங்கும் முட்டைகளில் அமெரிக்காவின் யூட்டா உப்பேரியிலிருந்து வருபவையும் உண்டு. ஒரு லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டேன். 25 கிராம் கல் உப்பு, அரைத் தேக்கரண்டி முட்டை, பலமான காற்று, மேலே ஒரு விளக்கு. 28 டிகிரியில் 24 மணி நேரம். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறப் பொடிக் குஞ்சுகள் அடியில் கூடும். மெல்லிய குழாயால் அடியிலிருந்து உறிஞ்சி, அப்பாவின் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து அதன் வழியே வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினேன். உப்பு நீர் குஞ்சுத் தொட்டிக்குள் போகக் கூடாது. ஓடுகளும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவை செரிக்காது, அடியில் சேர்ந்து கிடக்கும்.

முதல் முறை கொடுத்த அரை மணி கழித்து விளக்கை வைத்துப் பார்த்தேன். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் அந்த உடம்புகளில் ஒவ்வொரு வயிறும் ஆரஞ்சு நிறமாகியிருந்தது. பையை உறிஞ்சிமுடித்துத் தின்னத் தொடங்கியவை 97. அதன்பிறகு எனக்கு அளவுகோல் அந்த ஆரஞ்சுதான். வயிறு ஆரஞ்சாக இருந்தால் தீனி போதும், எத்தனை மணியானாலும் சரி. வெளிறியிருந்தால் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஒவ்வொரு வேளையும் கால் மணி நேரத்தில் தீரும் அளவு.

தின்ன வைப்பதைவிடச் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை. ஏர் பம்ப்புக்குப் போடும் மெல்லிய குழாயின் முனையில் ஒரு குச்சியைக் கட்டிக்கொண்டேன். அதைப் பேனாபோல் பிடித்து, காலையும் மாலையும் தொட்டியின் அடி முழுவதையும் வரி வரியாக உறிஞ்சினேன், கோலமாவு இழைப்பதன் நேர்மாறாக. தண்ணீர் போய் விழுவது ஒரு வெள்ளைக் குவளைக்குள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் இரண்டு மூன்று குஞ்சுகள் கூடவே வந்துவிடும். குவளையும் வெள்ளை என்பதால் அவற்றைப் பார்த்து, சொட்டுக்குழலால் எடுத்துத் திரும்ப விடலாம். எடுத்த அளவுக்கு, அதே வெப்பத்தில் உள்ள தாய்த்தொட்டித் தண்ணீரை மெல்ல ஊற்றினேன். மூன்று நாளுக்கு ஒருமுறை அடியை விரலால் தொட்டுப் பார்த்தேன். வழவழப்பு தட்டினால் அந்த இடத்தை ஸ்பாஞ்ச் துண்டால் துடைத்தேன். ஒரு வேளைக்கு இருபது நிமிடம். மூன்று வாரம் விடாமல் செய்தேன்.

விடாமல் என்று சொன்னேன், ஒரு நாள் விட்டது. நவம்பர் 16 உறவினர் திருமணத்துக்கு வெளியூர் போக வேண்டியிருந்தது. ஆர்ட்டீமியாவை வடித்துக் குவளையில் வைத்து, "நேரத்துக்கு நேரம் கொடுத்துவிடு" என்று தம்பியிடம் சொன்னேன். ஒரு வேளைக்கு எத்தனை சொட்டு என்று சொல்லவில்லை. குஞ்சு பசியோடு இருக்கக் கூடாது என்று அவன் அன்போடு முழுக் குவளையையும் கொடுத்துவிட்டான். அன்றிரவு மழையில் மின்சாரமும் மூன்று மணி நேரம் இல்லை. காற்று நின்ற தண்ணீரில் மிஞ்சிய ஆர்ட்டீமியா செத்து அடியில் ஆரஞ்சுப் படலமாகக் கிடந்தது. நள்ளிரவில் வந்து பார்த்தபோது 23 குஞ்சுகள் போய்விட்டன. அமோனியா சோதனையில் மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் பச்சையாக மாறியது. பாதித் தண்ணீரை உடனே மாற்றி, இரண்டு மணி வரை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். மீதி பிழைத்தன. மறுநாளே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி மாட்டினேன். ஐப்பசி, கார்த்திகையில் மீன் பொரிக்க நினைப்பவர்கள் முட்டைக்கு முன்னால் இதை வாங்கிவிட வேண்டும்.

அதன்பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக 13 செத்தன. சிலவற்றுக்கு முதுகு வளைந்திருந்தது, சில தின்னவே தொடங்கவில்லை. இந்த இழப்பைத் தடுக்கும் வழி என் கையில் இல்லை.

மூன்றாம் வாரத்தில் உருவம் மாறியது. அதுவரை வால் முதல் முதுகு வரை ஒரே விளிம்பாக ஓடிய துடுப்புச் சவ்வு பிரிந்து, தனித்தனித் துடுப்புகளாயிற்று. புள்ளிகள் தோன்றின. ஒருநாள் மாலை, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு குஞ்சு அடியிலிருந்து அம்புபோல் கிளம்பி, மேலே ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பியது. தாயைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. தாய் வேறு தொட்டியில் இருக்கிறது. கண்கள் கலங்கிவிட்டன, மறைப்பானேன்.

ஐந்தாம் வாரம் தூள் தீவனத்துக்குப் பழக்கினேன். ஏழாம் வாரம் மணல் பரப்பிய அறுபது லிட்டர் தொட்டிக்கு மாற்றினேன். வலையில் பிடிக்கக் கூடாது. மார்புத் துடுப்பின் முள் விறைத்து வலைக்கண்ணில் சிக்கிக்கொள்ளும், இழுத்தால் முள்ளோ துடுப்போ முறியும். ஒரு குவளையைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீரோடு சேர்த்தே மொண்டேன். புதுத் தொட்டியில் விட்டதும் எல்லாம் ஒரு நிமிடம் உறைந்து கிடந்தன. முதலில் ஒன்று மூக்கை மணலில் அழுத்தியது. செவுள் ஓரத்தில் நாலைந்து மணல் துகள்கள் உதிர்ந்தன. அடுத்தது, அதற்கடுத்தது. பத்து நிமிடத்தில் தரை முழுவதும் பொடிப்பொடியாகக் குழிகள்.

கடைக்கார அண்ணன் போன வாரம் வந்து பார்த்தார். முன்னால் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மீசை ஒன்றுகூடத் தேயவில்லையே தம்பி. முப்பதை எனக்குக் கொடுங்கள்" என்றார். பொங்கல் முடிந்ததும் கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முந்தின நாள் தீனியை நிறுத்த வேண்டும். முள் குத்தி ஓட்டை விழாமல் இருக்கப் பைகளை இரட்டையாகப் போட்டு, ஒரு பைக்கு ஐந்துக்கு மேல் வைக்காமல் கட்ட வேண்டும். பெரிய பெண்ணின் வயிறு மறுபடியும் பிதுங்கத் தொடங்கியிருக்கிறது. டிரம்மில் இன்னும் நாற்பது லிட்டர் மழை நீர் மிச்சமிருக்கிறது.